தம்பி என்ன சொன்னான்

டிவிடி பிளேயர் நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை. டிஸ்க்கை உள்ளே வாங்கிக்கொண்டது, கொஞ்ச நேரம் கரகரவென்று எதையோ அரைத்தது, பிறகு பேசாமல் இருந்துவிட்டது. காசிநாதன் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கழற்றி டிஸ்க்கை மட்டும் மீட்டு, வேட்டி நுனியால் துடைத்து மனைவியிடம் கொடுத்தார்.

சித்ராதேவிக்கு அறுபத்தோரு வயது. ஸ்ரீரங்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மன்னார்புரத்து வீட்டிலிருந்து ஜங்ஷன் வரை நடந்து, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, அலுவலகம் போய், யார் யாரோ எழுதிய குறிப்புகளை எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்தே காலம் போயிருந்தது. காசிநாதன் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இரும்பு அறுப்பதும் ராவுவதுமாக இருந்தவர். நாற்பத்தெட்டு வயதில் அவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்து, பத்து வருஷத்தில் அநேகமாக முழுக்கவே போய்விட்டது. எதிரே நின்று முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினால் உதட்டசைவை வைத்துப் பாதி பிடித்துக்கொள்வார். மீதியை சித்ரா கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவாள். காதில் மாட்டும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே விசிலாக ஆக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு சாயங்காலம் ஒரு படம். டிவியில் வருகிற படத்தில் எழுத்து வராது. வெளிநாட்டுத் தமிழர்களுக்காகப் போட்ட டிவிடிகளில் அடியில் ஆங்கிலத்தில் வசனம் ஓடும். சித்ரா அந்த மாதிரி டிவிடியாகத் தேடித் தேடி ஒன்பது வருஷத்தில் எழுபத்துச் சொச்சம் சேர்த்துவிட்டிருந்தாள்.

மறுநாளே பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு தென்னூருக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நவ்ஷாத், முன்பு இதே கடையில் டிவிடி விற்றவன். அவளுடைய எழுபதில் பாதி அவனிடம் வாங்கியதுதான்.

"இதுக்கு லென்ஸே வர்றதில்லக்கா. விட்டுடுங்க" என்றான். "உங்க டிவியில பென் டிரைவ் சொருகுற எடம் இருக்குல்ல?"

"இருக்கு."

"வீட்டுல லேப்டாப்?"

"எம் பொண்ணு பவித்ரா காலேஜ்ல வச்சிருந்தது கெடக்கு."

"அப்ப வேலை முடிஞ்சுது. டிவிடி போடற டிரைவ் ஒண்ணு நான் தரேன். சாஃப்ட்வேர் இனாம்தான், யாரு வேணாலும் எறக்கிக்கலாம். எல்லாத்தயும் எம்பி ஃபோர் ஃபைலா மாத்தி வச்சுக்குங்க."

"நீயே மாத்திக் குடுத்துடேன்ப்பா."

"எழுபதயுமா? நான் கடையப் பாக்கவா, படத்தப் பாக்கவா? டைப்பிஸ்ட்டா இருந்தவங்க நீங்க, உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? உக்காருங்க, ஒருவாட்டி செஞ்சு காட்டறேன்."

அவன் செய்து காட்டியதைச் சித்ரா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். டிரைவைச் சொருகு. டிஸ்க்கைத் திற. பட்டியலில் எது நீளமோ அதுதான் படம். எங்கே சேமிப்பது என்று காட்டு. பச்சைப் பொத்தானை அழுத்து.

முதலில் அவள் மாற்றியது பிளேயருக்குள்ளிருந்து மீட்ட டிவிடியைத்தான். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கலர் படம் அது. பட்டியலில் இரண்டாவதை அழுத்தித் தொலைத்ததில், ஐந்தே நிமிஷத்தில் முடிந்து, விநியோகக் கம்பெனியின் விளம்பரம் மட்டும் வந்தது. மறுபடி நோட்டைப் பார்த்துச் சரியாக அழுத்தினாள். பழைய லேப்டாப் மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டு சதவீதத்தை ஒவ்வொன்றாக ஏற்றியது. குழம்பு கொதித்து இறங்கி, துணி காயப்போட்டு, காசிநாதன் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் நூறு வந்தது.

சாயங்காலம் பென் டிரைவைச் சொருகியதும் படம் பளிச்சென்று ஓடியது. காசிநாதன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சித்ரா கறிவேப்பிலை உருவிக்கொண்டே பாதிப் படம்வரை பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது: அடியில் எழுத்தே இல்லை. எழுந்துபோய் டிவியை நிறுத்தி, அவர் எதிரே நின்றாள்.

"எழுத்து வரலியேங்க! சொல்லக் கூடாதா?"

"கெடக்குது, விடு. தெரிஞ்ச படந்தானே" என்றார் அவர்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மென்பொருளுக்குள் தேடி, எழுத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அதைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட ஒரு கட்டத்தில் டிக் போடவேண்டும். போட்டாள், மறுபடி நூறு சதவீதம். இந்தத் தடவை வெள்ளை எழுத்து ஜம்மென்று வந்தது. பெருமையோடு கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. அவர் எப்போதும்போல ரசித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கண்கள் கீழே இறங்கவேயில்லை. சித்ரா படத்தை விட்டுவிட்டு அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடிப்பவர்களின் முகத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து முகத்துக்கும் அவை போய் வந்தன. எழுத்தின் பக்கம் ஒருதரம்கூடப் போகவில்லை.

படம் முடிந்ததும் கேட்டாள். "நீங்க அத படிக்கிறதே இல்லியா?"

காசிநாதன் கொஞ்சம் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "ஜீயபுரத்துல எட்டாவது படிச்சவன் நான். இங்கிலீஷ எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். ஆனா ஒரு வார்த்தய நான் கூட்டி முடிக்கிறதுக்குள்ள அது ரெண்டு வரி ஓடிடுது."

"ஒம்போது வருஷமாவா?"

"நீ கடை கடையா ஏறி எறங்கி வாங்கியாந்த. உன்கிட்ட எப்புடிச் சொல்றது?"

சித்ரா எழுந்து அடுப்படிக்குப் போனாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்ப கதையெல்லாம்?"

"பாத்தாத் தெரியாதாக்கும்?" என்று அவர் அந்தப் படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஆற்றங்கரை. ஓடக்காரன் ஒருத்தன், அவனுக்கு ஒரு தம்பி. அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர் தினமும் ஓடத்தில் போய் வருகிறாள். ஓடக்காரனுக்கு அவள்மேல் பிரியம். வாய் திறந்து சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் டீச்சருக்கு மாற்றல் வருகிறது. தம்பி கரைக்கு ஓடி வந்து அவளைத் தடுத்து, போகாதீங்க என்று கெஞ்சுகிறான். அவள் போகத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கடைசிக் காட்சியில் ஓடக்காரன் அக்கரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

"அந்தத் தம்பி இருக்கானே, அவன் மாதிரி ஒரு பிறவி கெடைக்கணும் சித்ரா" என்று முடித்தார்.

சித்ராவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. "அவனா? அவந்தாங்க குடியக் கெடுத்தவன்! அண்ணனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா ஓடம் தன் கைக்கு வராதுன்னு, டீச்சர்கிட்ட பொய் சொல்லி அனுப்பிடறான்."

அவள் வேகமாகப் பேசியதால் அவருக்குப் பிடிபடவில்லை. என்ன, என்ன என்று இரண்டு தரம் கேட்டார். அவள் காலண்டர் தாளை எடுத்தாள். எழுதப்போனவள், எழுதாமல் வைத்துவிட்டாள். ஒரு தாளில் எழுதிக் காட்டுகிற சமாசாரமாக அது படவில்லை. இத்தனை வருஷமாக ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு படம் பார்த்திருக்கிறோம் என்பதுதான் அன்று ராத்திரி சமைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் தென்னூரில் நவ்ஷாத் கடையில் போய் நின்றாள். "அந்த இங்கிலீஷ் எழுத்த எடுத்துட்டுத் தமிழ்ல போட முடியுமா?"

"டிவிடியில இருக்கறது அடிச்ச எழுத்து இல்லக்கா, எழுத்தோட படம். அத மாத்த வராது. நீங்களா புதுசா அடிச்சுக்கிட்டாத்தான் உண்டு. எந்த நொடியில வரணும், எந்த நொடியில போகணும்னு ஒவ்வொரு வரிக்கும் சொல்லணும். அதுக்கும் இனாம் சாஃப்ட்வேர் இருக்கு. ஆனா பொறுமை வேணும். ஒரு படத்துக்கு ஆயிரம் வரி தேறும்."

"ஆயிரந்தானே" என்றாள் சித்ரா. ஒரே நாளில் அறுபது பக்கம் அடித்தவள் அவள்.

பழைய தட்டச்சு மெஷினில் இருந்த அதே விசை வரிசையை லேப்டாப்பிலும் வைத்துக்கொள்ளலாம் என்று நவ்ஷாத் மாற்றிக் கொடுத்தான். விரல்கள் யோசிக்காமல் ஓடின. ஆனால் அடிப்பதில் இருக்கவில்லை சங்கடம். காலையில் சமையல் முடித்துப் பத்து மணிக்கு உட்கார்ந்தால், பேசுவதைக் கேட்டு நிறுத்தி, அடித்து, நொடியைக் குறித்து, மறுபடி ஓடவிட்டு, மத்தியானத்துக்குள் அறுபது வரி தேறினால் பெரிது. முழுசாக அடித்தால் வரி நீண்டு, படித்து முடிப்பதற்குள் போய்விடுகிறது. சுருக்கினால் பேசுகிறவனின் தினுசு போய்விடுகிறது. வாழ்நாள் முழுக்க இருப்பதை இருக்கிறபடி அடித்தவளுக்கு, எதை விடலாம் என்று முடிவு செய்வது புது வேலை.

முதலில் ஐம்பது வரி முடித்து டிவியில் போட்டுப் பார்த்தபோது தமிழுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. அந்த டிவிக்குத் தமிழ் தெரியவில்லை. எழுத்தைத் தனிக் கோப்பாக வைக்காமல், மாற்றும்போதே படத்தோடு பதித்துவிட்டதும் சரியாயிற்று. காசிநாதன் அந்த ஐம்பது வரியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யோசனைகள் சொன்னார்.

"மழைச் சத்தம்னு எதுக்குப் போடற? மழை பெய்யறதுதான் கண்ணுக்குத் தெரியுதே. வெளியேருந்து எவனாச்சும் கூப்புட்டாப் போடு. திடீர்னு எல்லாரும் ஏன் திரும்பறாங்கன்னு எனக்கு விளங்க மாட்டேங்குது."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மழையை எடுத்துவிட்டாள்.

பதினெட்டு நாளில் படம் முடிந்தது. பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் காசிநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை கண்கள் கீழும் மேலும் போய் வந்தன. ஓடக்காரன் ஏதோ கேலி பேசியபோது வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை நாளும் அந்த இடத்தில் அவர் சிரித்ததில்லை. கரையில் தம்பி டீச்சரை நிறுத்துகிற இடம் வந்தது. 'அண்ணனுக்குப் பொண்ணு பாத்தாச்சு டீச்சர். தை மாசம் கல்யாணம். உங்ககிட்ட சொல்லத் தயங்கி என்னை அனுப்பினாரு.'

ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி படித்தார். மூன்றாம் தரமும் படித்தார்.

"அப்புடியா சொல்றான்?"

சித்ரா தலையசைத்தாள்.

படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அதன்பின் செருப்பை மாட்டிக்கொண்டு கடைவீதிப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கொத்தமல்லிக்கட்டு ஒன்று கையில் இருந்தது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிடந்தன. மறுநாளும் அவர் படத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பதினெட்டு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அடித்ததற்கு இதுதானா என்று அவளுக்கு வருத்தம். வேண்டாத வேலை செய்துவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவளை நேராகப் பார்த்துக் கேட்டார். "பவித்ரா புனேக்குப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டாளா?"

பவித்ரா அவர்களுடைய ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னால் புனேயில் வேலை கிடைத்துப் போனாள். அவள் ரயிலேறிய அன்று, கால் வலி என்று சொல்லிக் காசிநாதன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அதிலிருந்து வீடியோ காலில் மகள் வந்தால் முகத்தைக் காட்டி, நல்லாருக்கியா என்று கேட்டுவிட்டு போனை சித்ராவிடம் நீட்டிவிடுவார். காது கேட்காததால் அப்படி என்றே சித்ரா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டாளேங்க" என்றாள் சித்ரா. "இதே எடத்துல. உங்களுக்குச் சட்னி ஊத்திக்கிட்டே கேட்டா, போகட்டுமாப்பான்னு. நீங்க தலையாட்டினீங்க."

இரண்டு தரம் சொன்னாள். பிறகு எழுதியும் காட்டினாள். அவர் அந்தத் தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் சட்னி போதுமான்னு கேக்கறான்னு நெனச்சேன்."

"என்னங்க சொல்றீங்க?"

"அவ பின்னாடி நின்னா. நீ எதுக்க உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்த. ஏதோ தலையாட்டணும் போலருக்குன்னு ஆட்டினேன். ஒரு வாரம் கழிச்சுப் பெட்டியக் கட்டறா. கேக்காமயே முடிவு பண்ணிட்டான்னு நெனச்சுட்டேன்."

சித்ரா அந்தக் காலையை நினைத்துப் பார்த்தாள். அவர் சம்மதிக்கவேண்டுமே என்று அவள் அவர் முகத்தையே பார்த்திருந்தது உண்மை. தலை அசைந்ததும் அப்பாடா என்று எழுந்து அடுப்படிக்குப் போனதும் உண்மை. இன்னொரு தரம் எதிரே வந்து நின்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்று விடுவாரோ என்று ஒரு பயம் அன்றைக்கு இருந்திருக்கிறது. அதை அவள் தனக்கே இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. இப்போது அவரிடம் சொன்னாள், முகத்தைப் பார்த்து, மெதுவாக.

அவர் கோபப்படவில்லை. போனை எடுத்துவரச் சொன்னார். ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அரைமணி நேரம் அடித்தார். அவள் அடித்துக் கொடுக்கிறேன் என்றதற்கு வேண்டாமென்றுவிட்டார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். "'கேட்கல'வா, 'கேக்கல'வா?"

"எதுன்னாலும் அவளுக்குப் புரியும்."

'பவித்ரா. புனே போகட்டுமான்னு நீ கேட்டது எனக்கு கேக்கல. சட்னின்னு நெனச்சு தலையாட்டினேன். கேக்காம போயிட்டன்னு நாலு வருஷமா மனசுல வச்சிருந்தேன். தப்பு என்னோடது. அப்பா.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து அது மேஜைமேல் அதிர்ந்தது.

'மூஞ்சியப் பாத்துக் கேக்க பயமா இருந்துச்சுப்பா. அதான் பின்னாடி நின்னேன். நீங்க ஸ்டேஷனுக்கு வரலைன்னதும், பிடிக்காமத்தான் சரின்னு சொன்னீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.'

கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது. 'கால் வலி இப்ப எப்படி இருக்கு?'

காசிநாதன் அடித்தார்: 'கால் வலி பொய்.'

அதற்குப் பதிலாக ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழுகிற சின்னப் பொம்மைப் படம் போனில் வந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் மனைவியிடம் காட்டினார். சித்ராவும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தாள்.

அதன்பின் தகப்பனும் மகளும் எழுத்திலேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவள் ஆபீஸில் சாப்பிட்டது, அவர் காய்கறி வாங்கியது என்று என்னென்னவோ. அவர் விரலும் கொஞ்சம் வேகம் பிடித்தது. ஐப்பசியில் பவித்ரா பத்து நாள் லீவில் வந்தபோது, ஜங்ஷனுக்கு அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றார். அந்த லீவில்தான் அவளே அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காதுக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அது பழையதைவிடத் தேவலை. குக்கர் விசில் கேட்கிறது, பின்னால் வருகிற லாரி கேட்கிறது. பேச்சு மட்டும் இன்னும் தண்ணீருக்கடியில் பேசுகிறமாதிரிதான் இருக்கிறது என்றார்.

பவித்ரா ஊருக்குத் திரும்பியபிறகு ஒருநாள் அவர் சித்ராவிடம் வந்தார். "அந்தத் தம்பி பேசற எடத்த மட்டும் மாத்திக் குடேன்."

"எப்புடி மாத்தறது?"

"நான் சொல்றேன், நீ அடி."

"அவன் சொல்லாதத அவன் சொன்னான்னு அடிக்க முடியுமாங்க? இருக்கறதத்தான் அடிக்கணும்." அலுவலகத்தில் யாராவது தேதியை முன்னே பின்னே போட்டு அடிக்கச் சொன்னால் வருகிற குரல் அவளுக்குத் தானாக வந்தது.

"அத அழிக்கச் சொல்லல. அது அப்புடியே இருக்கட்டும். எனக்குன்னு தனியா ஒண்ணு."

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கோப்பைப் பிரதியெடுத்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லச் சொல்ல அடித்தாள். 'டீச்சர், அண்ணன் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நீங்க போயிட்டா அவரு இந்தத் துறையிலயே நின்னுடுவாரு. எங்களுக்காக ஒருவாட்டி திரும்பிப் பாருங்க.' ஏழு வரி. டீச்சருக்கு ஒன்று: 'கட்டாயம் வருவேன்.' அவர் வேறெதையும் தொடவில்லை.

சாயங்காலம் அதைப் போட்டபோது, சத்தம் இருந்தால் பழைய வசனம் தன் காதில் விழுந்து குழப்புமே என்று சித்ரா டிவியின் ஒலியை முழுக்க நிறுத்தினாள். மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. தம்பி கரையில் ஓடி வந்தான். மூச்சு வாங்கினான். கையை விரித்தான். ஒருகணம் ஓடத்தைத் திரும்பிப் பார்த்தான், கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிறவனின் பதற்றம் என்று இத்தனை தடவை அவள் பார்த்த அதே முகம். இப்போது அது கெஞ்சுகிற முகமாகத்தான் இருந்தது. எந்த இடத்திலும் இடிக்கவில்லை. அவர் பிசகாகப் பார்க்கவில்லை. அந்த முகத்தில் இருந்ததைத்தான் பார்த்திருக்கிறார்.

திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் புருவத்தை உயர்த்தினார், பாத்தியா என்கிறமாதிரி.

இப்போது அவள் நாலாவது டிவிடியில் இருக்கிறாள். எழுபதும் முடிய எத்தனை வருஷமாகும் என்று நவ்ஷாத் ஒருதரம் கணக்குப் போட்டுச் சொல்ல வந்தபோது, சொல்லாதே என்று கையைக் காட்டிவிட்டாள். இந்த நாலாவது படம் அவர்களுக்குக் கல்யாணமான வருஷத்தில் வந்தது. ஒருநாள் காலை அவள் வேலையாக இருக்கையில் காசிநாதன் பின்னால் வந்து நின்று திரையைக் கவனித்தார்.

"பாட்டுக்கு ஒண்ணும் போடலியே?"

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "பாட்ட எப்புடிங்க எழுத்துல போடறது? படிச்சா என்ன தெரியும்?"

"மெட்டு எனக்குத் தெரியும். அப்ப காது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். "வார்த்ததான் மறந்துபோச்சு. நீ வார்த்தயப் போடு."

போட்டாள். பாடுகிறவர் எங்கே இழுக்கிறாரோ அதுவரை வரி நிற்கும்படி நொடிகளைத் திருத்தித் திருத்தி வைத்ததில், ஒரு பாட்டுக்கே இரண்டு நாள் ஆனது. சாயங்காலம் அந்த இடம் வந்தபோது காசிநாதன் முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரிக்கு உதடு அசைந்தது. மூன்றாவதில் குரல் வந்தது. சுருதி எங்கேயோ போனது, தாளம் மட்டும் சரியாக இருந்தது. அடுத்த வீட்டு ஜாஸ்லின் டீச்சர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சித்ரா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.